எட்டாவது சித்தப்பா

மேஜைமேல் கிடந்த கிழவரின் தொண்டைக்குள்ளிருந்து டாக்டர் ஃபென்விக் இடுக்கியால் எதையோ இழுத்தார்.

வெள்ளை இறகு!

கதவோரம் நின்ற ஹெஸ்டர் எட்டிப் பார்த்தாள்.

லண்டன், 1828. மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்கப் பிணம் வேண்டும். ஏழைகள் விடுதியில் செத்தவர்களை, சொந்தக்காரர் வந்து கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஹெஸ்டர்தான் அந்தச் சொந்தக்காரி! கறுப்பு உடை, நாலு சொட்டுக் கண்ணீர். இதுவரை ஏழு 'சித்தப்பா'க்களை ஃபென்விக்கிடம் விற்றிருக்கிறாள். விடுதி வார்டன் கிரிம்பிள் கூட்டாளி.

இன்று வந்தது எட்டாவது. பெயர் ஜோசையா. முந்தாநாள்கூட விடுதி முற்றத்தில் குத்துக்கல்லாக உட்கார்ந்து, அடுத்து யாருக்கு அழப்போகிறாய் என்று அவளைச் சீண்டியவர்.

"டாக்டர்... மூச்சை அமுக்கியிருக்காங்க. இது கொலை."

"எனக்கு இது வெறும் இறகு." ஃபென்விக் அதை ஊதித் தள்ளினார். "பிணம் பேசாது. நீயும் பேசாதே."

பெரிய படிப்பு படித்த மனுஷன்!

ஹெஸ்டர் குனிந்து இறகைப் பொறுக்கினாள். விடுதியில் கிழடுகளுக்கெல்லாம் வைக்கோல் தலையணை. இறகுத் தலையணை வார்டனுக்கு மட்டும்தான்...

வாயைத் திறந்தால் அவளுக்கும் ஜெயில். தெரிந்தேதான் மாஜிஸ்திரேட்டிடம் போனாள்.

மதியத்துக்குள் கிரிம்பிளைப் பிடித்து வந்தார்கள். கூடவே, உறை கிழிந்த தலையணையையும்.

கிரிம்பிள் இளித்தான். "புகார் குடுக்க இவ யாருங்கய்யா? செத்தவனுக்கு இவ ஒட்டுமில்ல, உறவுமில்ல."

மாஜிஸ்திரேட் விடுதிப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். 'அண்ணன் மகள். எனக்கு நன்கு தெரிந்தவள்.' கிரிம்பிளின் கையெழுத்து.

"உறவில்லேன்னா பிணத்தை ஏன்யா இவகிட்ட குடுத்தே?"

கிரிம்பிள் வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தான்.

"நான் பொய்க்காரிதாங்க," என்றாள் ஹெஸ்டர். "ஆனா இவன் கொலைகாரன்."

வழக்கு விசாரணையில் ஃபென்விக், பார்த்த மாத்திரத்திலேயே சந்தேகப்பட்டதாகச் சாட்சி சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். கிரிம்பிளுக்குத் தூக்கு. ஹெஸ்டருக்கு ஆறு மாதம்.

தூக்கில் தொங்கும் கொலைகாரனின் உடலை அறுத்துப் படிக்கக் கொடுத்துவிட வேண்டும். அன்றைய சட்டம் அது!

கிரிம்பிளைத் தூக்கிலிட்டு, பிணத்தை அறுக்கக் கொடுத்துவிட்ட சேதியைச் சொன்ன ஜெயில் காவல்காரி ஹெஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"கூட்டாளியாச்சே... ரெண்டு சொட்டு அழக்கூடாதாடி?"

ஹெஸ்டர் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓசியில அழற பழக்கமில்லீங்க."