முத்திரையிட்ட மதகு

அடைமழை ஓய்ந்த அந்த அந்திப் பொழுதில், கீழ்வானில் எழுந்த பூரணச் சந்திரன் செங்கழுநீர் ஏரியின் விரிந்த பரப்பெங்கும் தன் வெண்கதிர்களைப் பாய்ச்சிக்கொண்டிருந்தான். வாசகர்களே, நாம் வேண்டுமானால் இந்த அழகை நின்று ரசிக்கலாம். கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏரிக்குள் நிற்கும் கற்காளையின் கழுத்தை நீர் தொட்டால் மதகைத் திறந்துவிடுவது அவ்வூர் வழக்கம். இன்றோ கொம்புகள் மட்டுமே வெளியே தெரிந்தன. மதகுப் பலகையைப் பிணித்த சங்கிலியில் அரச முத்திரை! அதை உடைப்பவர் கை துண்டிக்கப்படும் என்பது ஆணை.

அந்த முத்திரைக்குக் காவலாகக் குடை பிடித்து அமர்ந்திருந்தார் அதிகாரி காரிமாறர். மழை நின்று நெடுநேரமாகியும் குடையை மடக்கவில்லை. மடக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வரவில்லை போலும்!

"விண்ணப்பம் தலைநகருக்குப் போயிருக்கிறது, அம்மணி. பதிலோலை வரட்டும்" என்றார்.

"ஓலை வரும், வாசிக்க ஊர் இருக்காது!" என்று சீறினாள் ஏரி வாரியத் தலைவரின் மகள் பூதிநங்கை. அவள் கையில் கடப்பாரை இருந்தது.

அருகில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற வழிப்போக்க வீரன், "மன்னர் நல்லெண்ணத்தோடுதானே முத்திரை வைத்தார், தேவி? சென்ற கோடையில் நீர் களவு போனதாமே?" என்றான்.

"போனது உண்மைதான், ஐயா! கள்வனைப் பிடித்துத் தண்டிக்கும்படி முறையிட்டோம். அவனை விட்டுவிட்டு நாட்டிலுள்ள மதகுகளையெல்லாம் பூட்டிவிட்டார்! பகைவனைத் தடுக்கட்டும், வழக்கில் நீதி சொல்லட்டும், அதற்குத்தான் அரசர். எங்கள் ஏரியை எப்போது திறப்பதென்று எங்கள் கற்காளைக்குத் தெரியும்!"

அப்போது கரையின் ஒரு பக்கம் மண் சரிந்தது. கை போய்விடுமே என்ற கவலையைப் பூதிநங்கை விட்டாள். ஓங்கிய அடியில் முத்திரை சிதறியது. ஊரார் பாய்ந்து பலகையைத் தூக்க, நீர் முழங்கிக்கொண்டு வெளியேறியது.

"ராஜத் துரோகம்!" என்று அவள் மணிக்கட்டைப் பற்றி வாளை ஓங்கினார் காரிமாறர்.

குறுக்கே இன்னொரு கை நீண்டது. "ஆணைப்படி ஒரு கை வேண்டுமென்றால் இதை வெட்டும்!" என்றான் வீரன். "வைக்கக்கூடாத இடத்தில் முத்திரை வைத்த கை இதுதான். மண் சரியும்வரை என் ஆணை சரியென்றே நம்பி, திறக்கச் சொல்லாமல் நின்றேனே!"

அவன் விரலில் முத்திரை மோதிரம் மின்னியது. காரிமாறரின் வாள் நழுவி விழுந்தது. "மன்னர் பெருமானே!" என்று அலறினார்.

ஊரே விழுந்து வணங்கியது. பூதிநங்கை வணங்கவில்லை, முறையிட்டு முறையிட்டு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. "இங்கே தாங்கள் வந்தீர்கள். ஆற்றுக்கு அப்பாலுள்ள ஏரிக்கு யார் வருவார்கள், பிரபு?"

மன்னன் இளம்பரிதியின் முகம் சிவந்தது. "இந்த நிலவின்மேல் ஆணை, தேவி! இனி என் முத்திரை எந்த மதகிலும் இராது. இன்றே உடைக்கப் புறப்படுகிறேன். அந்தக் கடப்பாரையை இரவல் தருவீர்களா?"

"வழி தெரியாதவருக்குக் கடப்பாரை எதற்கு?" என்ற பூதிநங்கை, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கரையோரம் நின்ற காரிமாறரின் குதிரைமீது தாவி ஏறினாள். அன்று முதன்முறையாக அவள் இதழோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. இரு குதிரைகளும் கரைவழியே பறந்தன.

"அம்மணி! அது அரசாங்கக் குதிரை! ஓலை இல்லாமல்..." என்று கூவிக்கொண்டே பின்னால் ஓடினார் காரிமாறர், குடையைப் பிடித்தபடி.