தாழிக்குள் ஒரு விளக்கு

வத்தலக்குண்டுக்கு வெளியே பழைய சாமான்கள் கண்காட்சியைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறும்போது பாப்பம்மாளின் செப்புக் காப்பு கழன்று விழுந்தது. சோப்பு போட்டு இழுத்தாலும் வராத காப்பு. ஜோதிமணி குனிந்து எடுத்து மாமியாரின் கையில் மாட்டினாள். அது தடையில்லாமல் முழங்கை வரை ஏறியது.

“மெலிஞ்சுட்டீங்களா அத்தை?”

“குளுரு தாயி. ஒடம்பு ஒடுங்குது.”

மலை இன்னும் தொடங்கவே இல்லை. ஜோதிமணியின் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது.

கொடைக்கானல் போகிற வழியில் இருக்கிற மியூசியமெல்லாம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அத்தையைக் கிளப்பியிருந்தார்கள். டிக்கியில் சாக்குக்கு அடியில் அவளுடைய போர்வையும் தட்டும் டம்ளரும் இருந்தன. வடகவுஞ்சிக்கு அப்பால் உள்ள முதியோர் இல்லத்தில் மாலைக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். இல்லம் என்ற பேச்சை முதலில் எடுத்தது மகன் குமார். வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தது ஜோதிமணி. இருட்டில் படுக்க அத்தைக்குப் பயம். ராத்திரியெல்லாம் லைட்டைப் போட்டுக்கொண்டு கிடப்பாள். குமாருக்கோ எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் கை தானாக சுவிட்சுக்குப் போய்விடும். “கரண்டு சும்மாவா வருது?” என்பான். இருட்டில் அத்தை சின்னப் பிள்ளை மாதிரி அழுவது சுவர் தாண்டிக் கேட்கும்.

பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றை மியூசியமாக வைத்திருந்தார்கள். காப்பித் தோட்டங்களில் தோண்டும்போது கிடைத்த பானைகள், மணிகள், துருப்பிடித்த கத்தி. நடுவில், ஒற்றை பல்புக்குக் கீழே, பெரிய மண் தாழி. பாப்பம்மாள் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளிம்பு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

சுற்றிக்காட்டும் ஆக்னல் சொன்னார்: “முதுமக்கள் தாழிங்க. செத்தவங்க எலும்ப வச்சுப் பொதைச்சதும்பாங்க படிச்சவங்க. எங்க பக்கம் வேற சொல்லுவாங்க. அந்தக் காலத்துல வயசானவங்க சாக மாட்டாங்களாம். சுருங்கிக்கிட்டே போவாங்களாம். கைப்பிள்ளை அளவு ஆனதும் இதுக்குள்ள ஒக்கார வச்சு, சோறு தண்ணி வச்சு, வெளக்கேத்தி, மேல கல்லப் போட்டு மூடிருவாங்களாம்.”

“வெளக்கு எதுக்குய்யா?” என்றாள் பாப்பம்மாள்.

“அது எரியிற வரைக்கும் பயம் இருக்காதுல்லம்மா.”

குமார் சிரித்தான். “மூடுன தாழிக்குள்ள எம்புட்டு நேரம்ணே எரியும்? எண்ணெய்க்குக் கேடு.” சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தவனின் கை சுவரைத் தடவியது. டக்.

“சார், உள்ள ஆளு இருக்காங்க!”

அந்த இருட்டில் ஜோதிமணி ஒரு சத்தத்தைக் கேட்டாள். தாழியை நகத்தால் சுரண்டுகிற சத்தம். வெளியிலிருந்து அல்ல. உள்ளே இருந்து. ஆக்னல் விளக்கைப் போட்டபோது பாப்பம்மாள் தாழியில் காதை வைத்து நின்றிருந்தாள். விளிம்பு அவள் தாடைக்கு நேராக இருந்தது.

மேலே ஏற ஏற மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. தைலமர வாசனையைத் தாண்டி, மூடிய கதவுகளைத் தாண்டி, காருக்குள் ஈரமண் வாடை வந்தது. புதிதாகத் தோண்டிய குழியிலிருந்து வருகிற வாடை. ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டுக்குக் கீழே அத்தையின் செருப்பு இரண்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கின. ஜோதிமணி திரும்பிப் பார்த்தாள். அத்தையின் கால்கள் தரையைத் தொடவில்லை. சீட் பெல்ட் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

“என்னங்க. அத்தையப் பாருங்க ஒரு தடவ.”

குமார் பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டான். “பாத்தா மனசு கேக்காது. நீயும் பாக்காத. வெரசாப் போகணும், கேட்டைப் பூட்டிருவாங்க.”

திரும்பிடலாம் என்று சொல்ல நினைத்தாள். முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நாளையிலிருந்து ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவளும்தான் கணக்குப் போட்டிருந்தாள்.

இல்லத்து வாசலில் கார் நின்றபோது பின்சீட்டில் புடவை மட்டும் குவிந்து கிடந்தது.

குவியல் அசைந்தது.

“அடுத்த மீசியம் வந்துருச்சா தாயி?”

“வந்துருச்சு அத்தை.”

அள்ளி எடுத்தாள். பிறந்த பிள்ளையின் கனம். புடவைக்குள்ளிருந்து அதே முகம், அதே மூக்குத்தி, உள்ளங்கை அளவில் அவளைப் பார்த்துச் சிரித்தது.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் கேத்தரின் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. “எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க. உள்ள படுக்க வச்சுட்டு வாங்கம்மா.”

நீளமான கூடம். நடுவில் ஒரே ஒரு பல்பு. இரண்டு பக்கமும் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் போர்வைக்கு அடியில் சின்ன மேடு. மேடுகள் மூச்சுவிட்டன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூடிய தட்டு, டம்ளரில் தண்ணீர்.

கடைசிக் கட்டில் காலியாக இருந்தது.

படுக்க வைத்தாள். அத்தை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

“வெளக்கு மட்டும் எரியட்டும்னு சொல்லு தாயி.”

“சொல்றேன் அத்தை.”

அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கஷ்டமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“முடிஞ்சுச்சா?” வாசலில் குமார். உள்ளே பார்க்காமலேயே நின்றிருந்தான். அவன் கை சுவரைத் தடவியது.

“என்னங்க, வேணாம்—”

டக்.

இருட்டு.

யாரும் அழவில்லை. போர்வை ஒன்று சரிந்து விழும் சத்தம். இன்னொன்று. பிறகு கூடம் முழுக்க.

ஈரமண் வாடை.

“என்னங்க?”

கையை நீட்டி நடந்தாள். வாசல் இருந்த இடம். சுவர் தட்டுப்பட்டது. சுவிட்சைத் தேடித் தடவினாள். சொரசொரப்பு. ஈரம். சுவர் வளைந்திருந்தது. தலைக்கு மேலே வளைந்து குறுகிக்கொண்டே போனது.

கீழே, புடவைக் கரையை ஒரு சின்னக் கை பிடித்தது. பிறகு இன்னொரு கை. பிறகு இன்னொன்று.

எங்கோ மேலே, கல்லை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.