நாலாவது பலகை

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.50. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பழைய சமையல் குசினியின் கொங்கிறீட் கூரையில் ஏறிய மேசன் பஹ்மி, இரண்டாவது அடியிலேயே கூரையோடு கீழே போனான். சந்தையிலிருந்து திரும்பிய தங்கை ஹாஜறா கண்டது, இடிபாட்டுக்கு வெளியே நீண்டிருந்த அவன் கையை மட்டும்தான்.

3.30. சாய்ந்தமருதிலுள்ள அந்த வீட்டு வளவுக்கு சப் இன்ஸ்பெக்டர் யசோதினி வந்தார். கூரையைத் தாங்கிய நான்கு முட்டுகளும் மணலுக்குள் ஒரு சாண் இறங்கிக் கிடந்தன. அடியில் பலகை வைக்க மறந்திருக்கிறான், மேசனின் கவனயீனம்தான் என்று எழுதத் தொடங்கினார்.

ஹாஜறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறக்கிற ஆளா அவன்? கூரையை உடைத்து இறக்கிய பிறகுதான் சுவரில் கைவைப்பான். அவளுடைய கலியாணத்துக்கு வீடு கட்டத்தான் அந்தக் குசினியையே உடைத்தான். போனை நீட்டினாள். அவள் பயந்தாளென்று, பள்ளிக்குப் போகுமுன் 12.05க்கு காக்கா பஹ்மி அனுப்பிய படம்: நான்கு முட்டு, நான்கு பலகை.

"அப்ப பலகையெல்லாம் எங்க?" என்றார் யசோதினி.

பஹ்மியோடு கூட வேலை செய்தவன், அவர்களுடைய மாமாவின் மகன் முஸ்தாக், அங்கேயே நின்றான். புதன்கிழமை ஆணி ஏறிய இடது காலில் துணிக்கட்டு. முன்பு ஹாஜறாவைப் பெண் கேட்டு வந்தவன். பஹ்மி கொடுக்க மறுத்தும் கோபமில்லாமல் உதவிக்கு வந்தானே என்று ஊரே மெச்சியது.

"எத்தின மணிக்குப் போனீங்க?" என்று அவனிடம் கேட்டார் யசோதினி.

"பன்னிரண்டுக்கே. வீட்டில கைகால் கழுவி, தொழுகைக்கு வுழு எடுத்துப்போட்டு நேரா பள்ளிக்கு. திரும்ப இஞ்ச வரவே இல்ல."

ஹாஜறா வளவைச் சுற்றினாள். மூன்று பலகைகள் விறகுக் குவியலில் கிடந்தன. நாலாவது கிணற்றடியில். அதில் படிந்த கொங்கிறீட் தூள் தண்ணீர் பட்டுக் காய்ந்திருந்தது. குனிந்து பார்த்தவள் நிமிர நேரமெடுத்தது. கொன்றவனைப் பச்சையாகத் தின்றுவிடலாம் போலிருந்தது.

4.10. யசோதினியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பலகையில் முட்டு அழுத்திய வட்டத் தடம். அதற்கு மேலே, ஐந்து விரலோடு ஒரு வலது கால். பக்கத்தில் இடது கால். விரலே இல்லை, துணியின் இழை மட்டும்.

"வட்டத்துக்கு மேல கால் பட்டிருக்கு மிஸ். அப்ப, பலகையை உருவினதுக்குப் பிறகுதான் ஏறி நிண்டிருக்கார். இந்தக் கிணத்தடியிலதான் வுழு எடுத்திருக்கார், கழுவின காலில மணல் ஒட்டக்கூடாதே. வுழுவுக்குக் காயத்துக் கட்டை ஈரக் கையால தடவினாப் போதும், மற்றக் காலைத்தான் கழுவணும். காக்காவுக்குக் குழி தோண்டிப்போட்டும் ஜும்ஆவை விட மனமில்ல அவருக்கு."

முஸ்தாக்கின் முகம் வெளிறியது. ஹாஜறா பலகையை அவன் காலடியில் போட்டாள்.

"காலை வையுங்க மச்சான்."

அவன் வைக்கவில்லை. அவளை வேறொருத்தன் கட்டிக்கொள்ள அந்த வீடு எழும்பக்கூடாதென்று முணுமுணுத்தான்.

"கால் சாட்சி சொல்றது மறுமையில எண்டுதான் எங்களுக்கு ஓதித் தந்தாங்க," என்றாள் ஹாஜறா. "உங்கட கால் அதுவரைக்கும் பொறுக்கல்ல."

யசோதினி எழுதிய தாளைக் கிழித்துப்போட்டு, புதிதாக எழுதத் தொடங்கினார்.