நாற்பத்து நான்கு சென்டிமீட்டர்

பிணவறை உதவியாளர் அங்கமுத்து அடித்துக்கொண்டு வந்த பலகைப் பெட்டிக்குள் எலும்பு இறங்கவில்லை.

"கட்டையா போச்சு சார்," என்றார். "நீங்க ரிப்போர்ட்ல எழுதுன நாப்பத்து நாலுக்கு மேல ஒரு வெரக்கடை வுட்டுத்தான் அறுத்தேன். எங் கை தப்பாதே."

அவர் கை தப்பவில்லை. தப்பு செய்தது டாக்டர் காசிநாதனின் கை. அரியலூருக்கு வெளியே பாழடைந்த சுண்ணாம்புக்கல் குழியில் கிடைத்த அந்த ஒற்றைத் தொடையெலும்பை நேற்று அளவுப் பலகையில் வைத்தபோது நாற்பத்தாறு காட்டியது. கணக்குப் போட்டால் ஆள் ஐந்தடி ஏழு அங்குலம். காணாமல் போன கல்லுடைக்கும் தர்மனோ ஐந்தடி நாலு. நாற்பத்து நான்கு என்று எழுதினால் கச்சிதமாகப் பொருந்தும். தர்மனின் மனைவி ரெங்கம்மாள் மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் வெளியே புங்கமரத்தடியில் கிடந்தாள். ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் அழுது தீர்த்துவிட்டு வீட்டைப் பார்ப்பாள் என்று நினைத்து, நாற்பத்து நான்கு என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இன்று காலையில் அவளுடைய தாலியைக் கழற்றிவிட்டார்கள். பாவி மனுஷன், அதைக் கேட்ட பிறகுதான் தான் செய்தது என்னவென்று உறைத்தது.

"நாப்பத்தெட்டுக்கு ஒண்ணு அறுத்துடுங்க," என்றார், அங்கமுத்துவின் முகத்தைப் பார்க்காமல்.

மாலை நாலு மணி. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை படபடவென்று முறுக்கிக்கொள்ள, ஃபார்மலின் நெடிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊற்றிய சுண்ணாம்பின் சூடான வாசனை கிளம்பி மூக்கில் ஏற, பின்சுவருக்கு அப்பால் அங்கமுத்துவின் ரம்பம் நின்று நின்று இழுபட, காசிநாதன் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. சும்மா இன்னொரு தடவை அளந்துவிடலாம் என்று எலும்பைப் பலகையில் கிடத்தினார்.

நாற்பத்தொன்பது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஈர எலும்பு காய்ந்தால் இம்மி சுருங்கும். நீளாது. செத்தவன் எலும்பு எந்த ஊரில் நீண்டிருக்கிறது? வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு பெருக்கிப் பார்த்தது. ஆறடி.

புதுப் பெட்டி வந்தது. எலும்பு அதிலும் முட்டியது. அங்கமுத்து எலும்பைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நான் வூட்டுக்குப் போறேன் சார்."

போனவர் சைக்கிளைக்கூட எடுக்கவில்லை.

மறுபடி அளந்தார். ஐம்பத்தைந்து. எலும்பு கைக்குச் சூடாக இருந்தது. மறுபடி. பலகையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அளக்க வழியில்லை.

யாருடையதோ இது. தர்மனுடையது இல்லவே இல்லை. ரிப்போர்ட்டைக் கிழித்துவிட வேண்டும், அந்தப் பொம்பளையின் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும். தாளைக் கையில் எடுத்தார்.

வெளியே சரளைக்கல் நொறுங்கியது. ஒரு காலடி.

இன்னொன்றுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அதே கால்தான் மறுபடி விழுந்தது. கனமாக. இன்னும் பக்கத்தில்.

"சார்," என்றாள் ரெங்கம்மாள், வெளியிலிருந்து.

"உள்ள வாம்மா. அது உன் புருஷன் இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவள் வரவில்லை. வாசல் இருண்டது.

ஆறரை அடி வாசல். அதற்குள் வெள்ளைப் புழுதி அப்பிய சட்டை. மார்பு வரைதான் தெரிந்தது. அதற்கு மேல் சுவர். கீழே ஒரு கால். மற்றப் பக்கம் வேட்டி வெறுந்துணியாக ஆடியது.

"சார்." அவள் குரல் அண்ணாந்து பார்ப்பவளின் குரல். "மூஞ்சி அவரு மூஞ்சிதான் சார்."

வாசலின் மேல்கட்டையைப் பத்து விரல்கள் பிடித்தன.

குனிந்தது.

இன்னும் குனிந்துகொண்டே இருந்தது.