வெல்வெட் குழியில் ஆடிய ராணி

காலை 9.40. வாங்க வந்தவர் பீங்கான் சதுரங்கத்தின் வெள்ளை ராணியைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் இருந்த கலைஞரின் முத்திரை, தேய்ந்த செருப்பு மாதிரி மழுங்கியிருந்தது.

"போலி" என்றார். போலீஸுக்கும் அவரே போன் போட்டார்.

'பூனை' பக்கத்தில் நின்றிருந்தாள். பட்டறையின் உதவியாளர் அவள். சத்தமில்லாமல் நடப்பாள், பதினொரு வருஷத்தில் ஒரு சிப்பாயைக்கூட உடைத்ததில்லை. அதனால் அந்தப் பட்டப்பெயர். அவள் 'அக்கா' என்று கூப்பிடும் கலைஞர் அப்போது விமானத்தில் இருந்தார். பட்டறைக்குச் சாவி மூன்று. அக்காவிடம் ஒன்று, பூனையிடம் ஒன்று, விற்பனையைப் பார்க்கும் அக்காவின் கொழுந்தனிடம் ஒன்று.

10.15. இன்ஸ்பெக்டரம்மா ராணியைப் பெட்டியில் அதன் அளவுக்கே வெட்டிய வெல்வெட் குழியில் வைத்து மூடி ஆட்டினார். கடகட.

மடியில் ஹெல்மெட்டை அணைத்தபடி உட்கார்ந்திருந்த கொழுந்தன், "இவளைக் கேளுங்க மேடம். அச்சு வார்க்கத் தெரிஞ்சது அண்ணிக்கும் இவளுக்கும்தான். எனக்குத் தெரிஞ்ச களிமண்ணு என் தலைக்குள்ள இருக்கறது மட்டும்தான்" என்றான்.

பூனை மரியாதைக்குச் சிரிக்கப் பார்த்தாள், பற்கள் கடகடவென அடித்துக்கொண்டன. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். லாக்கப்பில் இருந்தால் மகளை யார் கூட்டிவருவது?

"நீதான் மாத்தினியா?" இன்ஸ்பெக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"இல்லம்மா."

"ராணியை எப்படிச் செய்வீங்க?"

"அக்கா பெரிசா ஒண்ணு செதுக்குவாங்க. அதுல அச்செடுத்து, களிமண் கூழை ஊத்தி, சுடுவோம்."

"எதுக்குப் பெரிசா?"

"சுட்டா சுருங்குமேம்மா. எட்டுல ஒரு பங்கு..."

பூனை பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை போன இடத்துக்கு இன்ஸ்பெக்டரம்மாவின் கை போனது. கறுப்பு ராணியை எடுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எதிரி ராணிகள் ஒரே உயரமாக இருக்கவேண்டும். வெள்ளை, கறுப்பின் கழுத்து வரைதான் வந்தாள்.

"இவகிட்ட பெரிய அச்சு இருக்கு. இவ பண்ணியிருந்தா அளவு சரியா வந்திருக்கும். இதைப் பண்ணவன் சுட்ட ராணி மேலயே அச்செடுத்திருக்கான். சுருங்கும்னு தெரியாதவன். மூணு சாவிக்காரங்கள்ல அது நீங்க ஒருத்தர்தான், தம்பி."

"நானா மேடம்?"

"நான் வந்ததுலேருந்து அந்த ஹெல்மெட்டைப் பச்சப்புள்ள மாதிரி வெச்சிருக்கீங்க. கீழ வைங்க."

அவன் வைக்கவில்லை. கான்ஸ்டபிள் வாங்கினார். உள்ளே, ஒரு சாக்ஸுக்குள் அசல் ராணி.

"நீயே உள்ள வையி" என்றார் இன்ஸ்பெக்டரம்மா, பூனையிடம்.

பூனை ராணியைக் குழியில் இறக்கினாள். பெட்டியை மூடி ஆட்டினார்கள். சத்தமே இல்லை.

பூனையின் பற்கள் மட்டும் இன்னும் கடகட.