எழுதாமல் விட்டது

மெரூன் ஃபிராக் அருமையாக வந்திருந்தது. கழுத்தில் வைத்த பைப்பிங், இடுப்பைச் சுற்றி எண்ணி வைத்த பன்னிரண்டு மடிப்பு, கீழ் ஓரத்தில் ஓடிய வெள்ளை நூல் என்று ஹேங்கரில் தொங்கிய நிஜ ஃபிராக்கில் இருந்த ஒன்றையும் கம்ப்யூட்டர் விடவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நின்றது அவளுடைய எட்டு வயது மகளேதான், முன்பல் விழுந்த ஓட்டை உட்பட. ஆனால் மகளின் இடது தோளில் ஒரு கை இருந்தது. பின்னாலிருந்து வந்து பிடித்திருந்தது. மணிக்கட்டு வரைதான் கை. அதற்கு அப்புறம் படத்தில் வெறும் சுவர்.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. படம் போடும் ஏஐக்குக் கை என்றாலே தகராறு என்று ஊருக்கே தெரியும். "யார் வீட்டு உபரிக் கைடா இது, கொண்டுவந்து இங்க வெச்சிருக்கே" என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அடுத்த ஃபிராக்கைக் கொடுத்தாள். நீலம் வந்தது. அதிலும் கை. மஞ்சள் பூப்போட்டது வந்தது. அதே தோள், அதே இடம்.

வீட்டின் பின்னறைதான் அவளுடைய தையல்கடை. குழந்தைகள் உடுப்பு தைத்து இணையத்தில் விற்கிறாள். ஹேங்கரில் தொங்கும் உடுப்பை எவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஒரு குழந்தை போட்டுக் காட்டினால்தான் வாங்குவார்கள். இத்தனை நாள் மகளையே நிறுத்திப் படம் எடுத்தாள். "நான் என்ன கடை பொம்மையா?" என்று வாண்டு முறுக்கிக்கொள்ள ஆரம்பித்ததும், கம்ப்யூட்டரில் டிசைன் வேலை செய்யும் தம்பி ஃபோனிலேயே வழி சொல்லிக்கொடுத்தான். லோரா என்று ஒரு சின்ன ஃபைல். "ரெடிமேட் சட்டையை நம்ம அளவுக்குப் பிடிக்கிறோம்ல, அதே கதைதான்கா. பெரிய மாடல் ரெடியா இருக்கு. அது மேல வாண்டோட முகத்தை மட்டும் பிடிச்சுக் கொடுக்கறோம்."

ஆல்ட்டரேஷன்தானே என்று அவள் பாதி கேட்டதும் தொடங்கிவிட்டாள். அவசரக்காரி. பதினெட்டே படங்கள், பதினெட்டும் இதே அறையில், வெட்டும் மேசை பக்கத்துச் சுவரை ஒட்டி எடுத்தவை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்னென்ன இருக்கிறது என்று குறிப்பு எழுத வேண்டும் என்று தம்பி சொன்னான், யாருக்குப் பொறுமை? மகளுக்கென்று அவன் வைத்த, எந்த அகராதியிலும் இல்லாத 'வாண்டுக்ஸ்' என்ற சொல்லை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தாள். பயிற்சியை அவன் பத்து சுற்று ஓட்டச் சொன்னால் இவள் இருபது. அந்த ஃபைலின் பலத்தைப் பாதியில் வை என்றால் முழுசாக ஏற்றிவைத்தாள்.

வெளியே காலையிலிருந்து விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கே விளக்கு போட வேண்டியிருந்தது. அயர்ன் பாக்ஸின் சூட்டில் ஈரத்துணி வாடை எழும்பி, தையல் மிஷின் எண்ணெய் வாடையோடு கலந்து அறை முழுக்க நின்றது. பக்கத்து அறையில் வாண்டு கலர் பென்சிலைத் தேய்க்கும் சத்தம், தாளத்தோடு, கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டாவது படத்தைப் பார்த்தபோதுதான் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

எட்டுப் படங்களிலும் மகளின் சொந்தக் கைகள் கந்தல். ஒன்றில் ஆறு விரல், ஒன்றில் நாலு, ஒன்றில் விரலெல்லாம் ஒட்டிப்போய் ஒரே கட்டி. தோளில் இருந்த கையை எண்ணினாள். ஐந்து. எட்டிலும் ஐந்து. மோதிர விரலின் நகம் பாதியில் உடைந்திருந்தது, எட்டிலும் ஒரே இடத்தில்.

தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"படத்துக்குக் குறிப்பு எழுதினியா?" என்றான் எடுத்த எடுப்பில்.

"பேரு போட்டேன்."

"பேரு மட்டும் போட்டா எப்படிக்கா! எல்லாரும் முதல்ல பண்ற கூத்துதான் இது. எதை எழுதறியோ அது தனின்னு அதுக்குப் புரியும். எழுதாம விட்டதையெல்லாம் வாண்டோட உடம்புன்னு நெனச்சு ஒட்ட வெச்சுக்கும். ஃபோட்டோல யாராச்சும் அவ தோளைப் புடிச்சிட்டு நின்னிருப்பாங்க."

"யாருமே இல்லடா. நானும் அவளும்தான். நான் கேமராவுக்கு இந்தப் பக்கம்."

"நல்லாப் பாரு. இல்லாததை அது எங்கேர்ந்து கத்துக்கும்?"

பதினெட்டு ஃபோட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். கை இல்லை. நிழல்கூட இல்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விடப்போனவளின் கண், பழக்கத்தில், உடுப்புக்குப் போனது.

இடது பக்கத்துப் பஃப் கை அமுங்கியிருந்தது.

போன வருடம் முழுக்க அவளை அழவைத்த இடது கை. வலது பஃப் பூரித்து நிற்கும், இடது படுத்துவிடும். தன் தையல்தான் கோணல் என்று எத்தனை முறை பிரித்துத் தைத்தாள்! உள்ளே மொடமொடப்பான கேன்வாஸ் துணி வைத்துக்கூடத் தைத்தாள். அதுவும் படுத்தது. இப்போது திரையில் அந்தத் தோளை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினாள். துணி தானாகத் தொய்ந்தால் மடிப்பு கீழ்நோக்கி விழும். இருபத்திரண்டு வருடமாகத் துணியோடு கிடப்பவளுக்கு அது தெரியாதா? இது விழுந்த மடிப்பு இல்லை. முன்னால் நாலு குழி. வரிசையாக. கழுத்துப் பக்கம் தள்ளி, கட்டை விரல் அளவுக்கு ஒன்று.

பருத்தி, சாட்டின், வெல்வெட். பதினெட்டிலும்.

எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். வாண்டு தரையில் உட்கார்ந்து, குனிந்து ஒரு யானைக்கு ஊதா நிறம் அடித்துக்கொண்டிருந்தாள். இடது தோள் வழக்கம்போலக் கொஞ்சம் இறங்கியிருந்தது. புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டாதே என்று எத்தனை திட்டு திட்டியிருப்பாள்! பின்னால் போய் நின்றாள். பழைய டீ-ஷர்ட்டின் தோள் தையலைப் பார்த்தாள். கிட்டே குனிந்தாள். மகளின் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம், ரொம்ப நாள் பெட்டியில் பூட்டிவைத்த துணியினுடையது.

"கையை எடும்மா, கனக்குது" என்றாள் வாண்டு, திரும்பாமலே.

அவள் இன்னும் தொடவே இல்லை.

குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எங்கே ஓடுவது? அலமாரியில் போன வருடம் பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் படம் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் வாண்டு. சீருடைக் காலரின் இடது பக்கம் நசுங்கியிருந்தது. வீட்டில் இருப்பது இல்லை அது. மகள் போகும் இடத்துக்கெல்லாம் போவது. கணவர் கப்பலில், எந்தக் கடலில் என்றுகூடத் தெரியாது. யாரிடம் போய் என்னவென்று சொல்வாள்?

எழுதினால் தனியாகும் என்று தம்பி சொன்னது மட்டும் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பைத்தியக்காரத்தனம்தான். அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது? மகளை இழுத்துவந்து பக்கத்திலேயே வெட்டும் மேசை மேல் உட்காரவைத்துவிட்டு, குறிப்புகளைத் திறந்தாள். ஒவ்வொன்றாக அழித்து அழித்து எழுதினாள். தோளில் ஒரு கை. தோளில் ஒரு கை. பதினெட்டு முறை. இருபது சுற்றை நாற்பதாக்கி ஓட்டிவிட்டாள். பலம், முழுசு.

ஒன்றரை மணி நேரம். கம்ப்யூட்டரின் மின்விசிறி இரைந்தது. மழை தகரத்தில் அடித்தது. வாண்டு காலை ஆட்டிக்கொண்டு, பட்டன் டப்பாவைக் கவிழ்த்து நிறவாரியாக அடுக்கினாள். அம்மா தன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "என்னம்மா முறைக்கற?" என்று இரண்டு முறை கேட்டாள்.

ஓட்டம் முடிந்து மணி அடித்தது. வாண்டு சட்டென்று நிமிர்ந்தாள். தோளைக் குலுக்கினாள்.

"அம்மா, இப்ப கனக்கவே இல்ல."

இரண்டு தோளும் ஒரே மட்டம். ஸ்கேல் வைத்து அளந்தாற்போல. அவள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், கன்னத்தைக் கடித்துவிட்டாள். "ஐயோ, விடும்மா, எச்சில்!" என்று துடைத்துக்கொண்ட வாண்டு, அந்தச் சந்தோஷத்தைப் பயன்படுத்திக்கொண்டு, நாளை அனுப்ப வேண்டிய பச்சை ஃபிராக்கைப் போட்டுப் பார்க்கட்டுமா என்றாள். போட்டுக்கோடி என் தங்கம், எதை வேண்டுமானாலும் போட்டுக்கோ. பக்கத்து அறைக் கதவைச் சாத்தக் கூடாது, பாடிக்கொண்டே போட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்று தொடங்கியது. அதைக் கேட்டுக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டாள்.

"பிரிஞ்சிடுச்சுடா!"

"பார்த்தியா, சொன்னேன்ல. வாண்டு பேரைப் போட்டு ஒரு படம் எடுத்துப் பாரு."

போட்டாள். படம் மெல்லத் தெளிந்தது. ஃபிராக். இரண்டு பஃப் கையும் பூரித்து, அவள் வாழ்நாளில் தைத்ததிலேயே அழகாக நின்றன. கழுத்துப் பட்டிக்கு மேலே சுவர் தெரிந்தது. கைகளின் முனையிலும் சுவர். நிற்கும் உடுப்பு. உள்ளே யாரும் இல்லை.

இன்னொன்று. இன்னொன்று. எல்லாமே அப்படித்தான்.

"டேய், முகம் வரல."

"வராம எங்க போகும்? குறிப்புல வாண்டோட பேரையும் சேர்த்துத்தானே எழுதினே?"

குறிப்புகளைத் திறந்தாள். பதினெட்டு வரி. தோளில் ஒரு கை. மகளின் பெயர் எந்த வரியிலும் இல்லை. அழித்து அழித்து எழுதியிருந்தாள்.

"அக்கா? பேரை எடுத்துட்டியா? அப்ப படத்துல இருக்கிற முகம், பல்லு, சிரிப்பு எல்லாம் நீ எழுதினதுக்குத்தான் சொந்தம்னு எடுத்துக்கும். வாண்டு யாருன்னே அதுக்குத் தெரியாது. பரவாயில்ல, அழிச்சிட்டு மறுபடி..."

மீதி காதில் விழவில்லை. விரல் தானாகத் தட்டியது. தோளில் ஒரு கை.

படம் கீழிருந்து தெளிந்தது. நீளமான கால்கள். தொடைக்கும் கீழே தொங்கும் கைகள், விரல்கள் ஐந்தைந்து. சட்டத்துக்குள் அடங்குவதற்காக வளைத்துக்கொண்ட முதுகு. அதற்கு மேல் வாண்டின் முகம். முன்பல் இல்லாத சிரிப்பு. கேமராவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

பக்கத்து அறையில் பாட்டு நின்றிருந்தது.

எப்போது நின்றது?

"வாண்டு?"

மழை.

"வாண்டு! அம்மா கூப்பிடறேன்ல!"

"இங்கதாம்மா இருக்கேன்." குரல் வந்தது. அவளுடைய குரல். சின்னதாக, கொஞ்சம் சலிப்போடு. "ஜிப் எட்டல. வந்து போட்டு விடேன்."

எப்படி நடந்து போனாள் என்று தெரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. பச்சை ஃபிராக் ஜன்னல் பக்கம் திரும்பி, கதவுக்கு முதுகு காட்டி, நின்றது. இரண்டு பஃப் கையும் பூரித்திருந்தன. ஜிப் இடுப்பு வரை திறந்திருந்தது. திறப்பின் வழியாக ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் வழியும் மழை தெரிந்தது.

"சீக்கிரம்மா. குளிருது."

மேசை மேல் விட்டுவந்த ஃபோனில் தம்பி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். தோல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எப்போதும் செய்வதுபோல இடது விரலைத் துணிக்கு உள்பக்கம் வைத்தாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. துணி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

"மெதுவாம்மா" என்றது ஃபிராக்.

அவள் மெதுவாக, மெதுவாக, ஜிப்பை மேலே இழுத்தாள்.