இருபத்தாறு கிலோ அம்பயர்

"ஹைப்ரிட்டுன்னா இன்னான்னு தெரியுமா மாமா உங்களுக்கு? நாம பிரேக் புடிக்கிறப்போ..."

"பேட்டரி தானா சார்ஜ் ஆவுது. நூறு வாட்டி சொல்லிட்டே சரத்து! ஆனா நேர் ரோட்டுல..."

"நேர் ரோட்டுலயும் மோட்டார் ஒதவுது!"

"எங்க ஒதவுது? அந்த பேட்டரி கனத்தையும் சேத்து இஞ்சின்தான் இழுத்துக்கினு போவுது!"

ஊரிகத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் அந்தச் சனிக்கிழமை காலை யாருக்கும் அலாரம் தேவைப்படவில்லை. பல்லவியின் அப்பா மனோகரும், அம்மாவின் தம்பி சரத்தும் வாசலில் நின்று போட்ட சத்தத்திலேயே தெரு முழுக்க எழுந்துவிட்டது.

அப்பாவின் கார் சிவப்பு. சின்னது, பழசு, பெட்ரோலில் மட்டும் ஓடுவது. சரத் மாமாவின் கார் வெள்ளை. பெரியது, புத்தம் புதிது, பெட்ரோல் இஞ்சினோடு பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட். அவரவர் எஜமானர்களைப் போலவே அந்த இரண்டு கார்களும் மூக்கோடு மூக்கு முட்டுவதுபோல் நின்றிருந்தன.

"கார் கம்பெனிக்காரங்க இன்னா முட்டாளுங்களா மாமா? இனிமே எல்லாம் எலெக்ட்ரிக்குதான்னு சொன்னவங்களே இப்ப ஹைப்ரிட் பக்கம் திரும்பறாங்க. ஏன்? சார்ஜ் போட வழியில எடம் கிடைக்குமோ கிடைக்காதோன்னு ஜனங்க பயப்படறாங்க!"

"முட்டாளுங்க இல்லப்பா, கெட்டிக்காரனுங்க! பெரிய பெரிய காரா செஞ்சு விக்கறாங்க. லாபம் அதுலதான். என் வண்டி மாதிரி சின்னதா, லேசா செஞ்சாலே போதும். மைலேஜ் தன்னால வரும்."

"உங்க வண்டி என் வண்டியவிட மைலேஜ் குடுக்குமா?"

"குடுக்கும்!"

"பந்தயமா?"

"பந்தயம்!"

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் வாயாலேயே ஓட்டின தூரத்துக்கு, இந்நேரம் டில்லி போய்த் திரும்பியிருக்கலாம்."

பந்தயம் இதுதான். இரண்டு கார்களிலும் டேங்க் வழிய வழிய பெட்ரோல் நிரப்ப வேண்டும். கோலார் வரை போய்த் திரும்ப வேண்டும். அதே பங்க்கில் மறுபடி நிரப்ப வேண்டும். யார் வண்டி குறைவாகக் குடித்திருக்கிறதோ அவர்தான் ஜெயித்தவர்.

"ஆனா அம்பயர் ஒருத்தர் வேணும்" என்றார் அப்பா. "போறப்போ என் வண்டியில, வர்றப்போ உன் வண்டியில. கனம் சமமா இருக்கணும் பாரு."

இருவரும் ஒரே நேரத்தில் பல்லவியைப் பார்த்தார்கள். பல்லவிக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பிலேயே கணக்கில் முதல் மார்க் அவள்தானே!

"நான் நல்லா கணக்குப் போடுவேன்னா?" என்று கேட்டாள்.

"அதுவுந்தான்" என்றார் மாமா. "ஆனா ஊட்லயே நீதான் ரொம்ப லேசு. இருபத்தாறு கிலோதானே?"

பல்லவியின் முகம் சுருங்கியது. ஆனாலும் அம்பயர் அம்பயர்தான். உள்ளே ஓடிப்போய் தன் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அம்பயர் சொன்னா சொன்னதுதான். யாரும் எதுத்துப் பேசக் கூடாது. சரியா?"

"சரி" என்றார்கள் இருவரும்.

அப்போதுதான் பல்லவிக்கு ஜெனிட்டாவின் ஞாபகம் வந்தது.

அடுத்த வரிசையில் இருக்கும் ஜெனிட்டா அவளுடைய உயிர்த்தோழி. மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது விழுந்து வலது கையை முறித்துக்கொண்டவள். அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்துப் பல்லவிதான் பாடம் எழுதுகிறாள். இன்றைக்குத்தான் கோலார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டி எடுக்கும் நாள். எலும்பு டாக்டர் சனிக்கிழமை மட்டும்தான் வருவார். மதியத்துக்கு மேல் இருக்க மாட்டார். இன்று விட்டால் இன்னும் ஒரு வாரம்.

"கட்டுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி அரிக்குதுடி" என்று நேற்று ஜெனிட்டா அழுதே விட்டாள்.

"அப்பா, ஜெனிட்டாவும் அவங்க அம்மாவும் கோலாருக்குத்தான் போறாங்க. நம்மகூடவே கூட்டிக்கினு போலாமா?"

"இன்னிக்கா!" அப்பா அதிர்ந்து போனார். "இன்னிக்கு ஒரு கிலோ ஏறினாலும் மைலேஜ் போயிடும் கண்ணு. பஸ்ஸு இருக்குதில்ல? சுகமா போய்டுவாங்க."

அதற்குள் ஜெனிட்டாவும் அவள் அம்மாவும் பஸ் ஏறப் போய்விட்டார்கள் என்று அம்மா சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா தன் காரிலிருந்து கால்மிதிகளை எடுத்தார். குடையை எடுத்தார். தண்ணீர் பாட்டில்களை எடுத்தார். அதுவும் போதாதென்று, தொழிற்சாலையில் ராட்சத இயந்திரங்களைக் கழற்றி மாட்டுகிறவர் அல்லவா, ஸ்பானரைக் கொண்டுவந்து பின் சீட்டையே கழற்றி வாசலில் வைத்துவிட்டார்! அம்மா அதில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார்.

மாமா சும்மா இருப்பாரா? டயர்களுக்குக் காற்றை ஏற்றினார். டிக்கியைக் காலி செய்தார். கடைசியில் இட்லியைக்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

"ரெண்டு பேரும் தொப்பையையும் கழட்டி வெச்சிட்டுப் போங்க" என்றார் அம்மா. "இன்னும் நல்லா மைலேஜ் வரும்."

பல்லவி விசில் ஊதினாள். கார்கள் கிளம்பி, பங்க்கில் டேங்க் வழிய நிரப்பிக்கொண்டு கோலார் ரோட்டைப் பிடித்தன.

அப்பா ஓட்டிய அழகை என்னவென்று சொல்ல! ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே இல்லை, தடவிக் கொடுத்தார். ஜன்னல் திறந்தால் காற்று இழுக்கும் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். ஏசி போட்டால் பெட்ரோல் போகும் என்று அதையும் போடவில்லை. இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே அவர்களை முந்திப் போனார்.

பின்னால் மாமாவும் ஆமையைப் போல வந்துகொண்டிருந்தார்.

பங்காரப்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். சாலையோரம் ஒரு தனியார் பஸ் நின்றிருந்தது. அடியிலிருந்து புகை வந்தது. பயணிகள் எல்லாரும் இறங்கி வெயிலில் நின்றிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மாவுக்கட்டு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது.

"அப்பா, ஜெனிட்டா!"

ஜெனிட்டாவும் சிவப்புக் காரைப் பார்த்துவிட்டாள். நல்ல கையைத் தூக்கி ஆட்டினாள்.

அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனது. உடனே திரும்பி வந்துவிட்டது. "இப்ப நிறுத்தி எடுத்தா... வேற பஸ்ஸு வரும் கண்ணு. பின்னாடியே வரும்."

கார் அவர்களைத் தாண்டியது. பல்லவி திரும்பிப் பார்த்தாள். ஜெனிட்டாவின் கை மெல்லக் கீழே இறங்கியது.

பல்லவி விசிலை வாயில் வைத்தாள். மூச்சை முழுதாக இழுத்து, அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் ஊதினாள்.

"அய்யோ!" அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். மாமாவின் கார் பின்னாலேயே வந்து நின்றது.

"இன்னா மாமா, பெட்ரோல் தீந்துட்டுதா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார் மாமா.

"உன் மருமவளைக் கேளு. என் காது தீந்துட்டுது."

பல்லவி கீழே இறங்கி இருவருக்கும் நடுவில் நின்றாள். "அம்பயருக்கு ஒரு சந்தேகம். மைலேஜுன்னா இன்னா?"

"ஒரு லிட்டர் பெட்ரோல்ல எவ்ளோ தூரம் போறோம்ன்றது" என்றார் மாமா.

"யாரு போறது?"

"யாரா? கார்தான்."

"காருக்குக் கோலார்ல இன்னா வேலை மாமா?"

மாமா தன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம மூணு பேருக்காவது கோலார்ல வேலை இருக்குதா? சும்மாதானே போய்ட்டு வர்றோம்? வேலை இருக்கறவங்க எல்லாம் அதோ, வெயில்ல நிக்கறாங்க. டாக்டர் போய்ட்டா ஜெனிட்டாவுக்கு இன்னும் ஒரு வாரம் அரிக்கும்." பல்லவியின் குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனால் விடவில்லை. "அம்பயர் ரூலை மாத்தறேன். இனிமே கிலோமீட்டரை மட்டும் பாக்கறதில்ல. அதை வண்டியில இருக்கற ஆளுங்களோட பெருக்கணும். ஒரு லிட்டர்ல அதிகம் பேரை அதிக தூரம் கொண்டு போறவங்கதான் ஜெயிச்சவங்க."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். ஒரு நொடிதான். இருவரும் அவரவர் காருக்கு ஓடினார்கள்!

இரண்டு கார்களும் ஓரமாகவே பின்னால் நகர்ந்து பஸ்ஸை அடைந்தன.

"வாங்கக்கா, வாங்க! நம்ம வண்டியில ஏறுங்க!" என்று மாமா கதவைத் திறந்து பிடித்தார். "ஜெனிட்டா, கை பத்திரம். ஏசி போடறேன், ஜம்முனு ஒக்காரு!"

"இங்க வாங்கம்மா, இங்க வாங்க!" என்று அப்பாவும் தன் பின் கதவைத் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே சீட் இல்லை. வெறும் தகரம்தான் இருந்தது.

பூசணிக்காயைச் சுமந்து வந்த பாப்பம்மா என்ற கிழவி உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது, எங்க ஒக்கார்றது? ஊட்ல இருந்து பாய் எடுத்தாரணுமா?"

நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாவும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார்.

ஜெனிட்டா, அவள் அம்மா, பாப்பம்மா, காய்ச்சல் குழந்தையோடு ஒருவர் என்று மாமாவின் வண்டி நிறைந்துவிட்டது. அப்பாவின் காரில் அவர்களுடைய மூட்டைகள் ஏறின. பூசணிக்காயும் ஏறியது.

"ஏன் அம்பயர், பூசணிக்காயை அரை ஆளா வெச்சுக்கலாமா?" என்று ஆசையோடு கேட்டார் அப்பா.

"பூசணிக்காய்க்குக் கோலார்ல வேலை இல்ல."

"ஏன் இல்ல?" என்றார் பாப்பம்மா காருக்குள்ளிருந்து. "எம் பொண்ணு ஊட்ல சாம்பாராவப் போவுது!"

இந்த முறை யாரும் ஆமையாக ஓட்டவில்லை. ஆஸ்பத்திரியை அடைந்தபோது எலும்பு டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருந்தார். வாசலில் மூச்சு வாங்க நின்ற இரண்டு சிறுமிகளையும் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"வாம்மா, ஒக்காரு" என்றார்.

மாவுக்கட்டை அறுக்கும் இயந்திரம் கர்ரென்று சத்தம் போட்டது. ஜெனிட்டா கண்களை இறுக மூடி, இடது கையால் பல்லவியின் கையை நெரித்துவிட்டாள். மாவுக்கட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து மெலிந்து, வெளுத்து, சொரசொரவென்று அவளுடைய சொந்தக் கை வெளியே வந்தது. ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தாள். எல்லாம் அசைந்தன. அப்புறம் ஆசை தீர ஒரு சொறி சொறிந்துகொண்டாள் பாருங்கள்! டாக்டரே சிரித்துவிட்டார்.

வெளியே ஜெனிட்டாவின் அம்மா, பல்லவியின் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். "அண்ணா, நீங்க மட்டும் வரலைன்னா இன்னிக்கு டாக்டரைப் பாத்திருக்கவே முடியாது."

அப்பா நெளிந்தார். "நீங்க ஒண்ணு! காலைல பல்லவி கேட்டப்பவே கூட்டிக்கினு வந்திருக்கணும் நானு."

"வந்து சேந்துட்டோமில்ல அண்ணா. அது போதும்."

திரும்பும்போது, பேசி வைத்தபடி பல்லவி மாமாவின் காரில் ஏறினாள். ஜெனிட்டாவின் அம்மா முன்னால் உட்கார, ஜெனிட்டா பல்லவியோடு பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பு" என்றாள் ஜெனிட்டா.

"எதுக்குடி?"

"சும்மா திரும்பேன்."

ஜெனிட்டா பல்லவியின் முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். விரல்கள் இன்னும் மடங்க மறுத்தன. ஒரு பக்கம் இறுகியது, ஒரு பக்கம் தொளதொளத்தது. பாதியில் நிறுத்தி விரல்களை உதறிக்கொண்டாள். பிறகு மறுபடி பின்னினாள்.

"எனக்காக இத்தினி நாளு நோட்டு எழுதினே இல்ல? அதுக்கு" என்றாள்.

பின்னல் பல்லி வால்போல ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பல்லவி அதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வழியெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பங்க்கில் டேங்க்குகள் மறுபடி நிரம்பின. பல்லவி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். பழைய ரூல்படி பார்த்தால், ஆள் ஏற்றாத அப்பாவின் கார் ஒரு நூலிழையில் ஜெயித்திருந்தது. புதிய ரூல்படி மாமா எங்கேயோ முன்னால் போய்விட்டார்.

"ஜெயிச்சிட்டீங்க மாமா, பழைய கணக்குல" என்றார் சரத் மாமா.

"அத்த விடுப்பா" என்றார் அப்பா. "திரும்பி வர்றப்போ பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல. பூசணிக்காயும் எறங்கிட்டுது."

வீட்டுக்கு வந்ததும் அப்பா காபிகூடக் குடிக்கவில்லை. ஸ்பானரை எடுத்தார். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவை, "கொஞ்சம் எழுந்திரு ஷைலு" என்று எழுப்பினார். பல்லவி போல்ட்டுகளை எடுத்துக் கொடுக்க, சீட்டைப் பழைய இடத்தில் வைத்து முடுக்கினார். உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். கால்மிதிகளைத் தட்டிப் போட்டார்.

"நல்ல வேளை கண்ணு, நீ விசில் ஊதினே" என்றார் மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தெரு நடுவில் போய் நின்றார். வீடுகளின் வாசல்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார். மாமா ஏதோ சந்தேகப்பட்டு அவசரமாக எழுந்து வருவதற்குள், தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டார்.

"அடுத்த சனிக்கெழம கோலாருக்கு வண்டி எடுக்கறேன், நாலு சீட்டு காலியா இருக்குது! யாருக்கெல்லாம் அங்க வேலை இருக்குது?"